பெண்ணுக்கு உறவின்போது உணர்ச்சி மரத்துப்போவது வயதின் இயல்பா? தடுக்க முடியுமா?

முப்பத்தைந்தைக் கடந்த பிறகு உறவில் எதுவுமே தெரிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி அமைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், "வயதானால் அப்படித்தான்" என்று யாரோ உங்களை ஏற்கெனவே வாயடைத்துவிட்டார்கள் போலும். என்னிடமும் அதையேதான் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்லள். இதை அனுபவித்தவள் என்ற முறையில் மட்டுமே எழுதுகிறேன்.

ஆசை குறைவதும் உணர்வு குறைவதும் வேறு வேறு. எனக்கு ஆசை இருந்தது, கணவர் மீது வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பதைப் போல, தொடுவது மட்டும் தெரிந்ததே தவிர இன்பம் தெரியவில்லை. மனச்சோர்வுக்காக எசிட்டலோபிராம் சாப்பிடத் தொடங்கிய சில வாரங்களில் வந்த மாற்றம் இது. தூக்கம் திரும்பியது, அழுகை நின்றது, இந்த உணர்வு மட்டும் போய்விட்டது.

மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "குழந்தைகள்தான் இருக்கிறார்களே, இனி என்ன?" என்றார். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுகூட அவர் கேட்கவில்லை. இதே குறையுடன் ஓர் ஆண் சென்றிருந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஹார்மோன் என்று பரிசோதனைகளை எழுதிக் கொடுத்திருப்பார்கள். மருத்துவ உலகமே இப்படித்தான் இருந்திருக்கிறது: பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உடலுக்குள் இருப்பதை ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கோபெல்ட் 1844இலேயே வரைந்து காட்டியிருந்தும், ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ'கானல் 1998இல் மறுபடியும் ஆராய்ந்து எழுத வேண்டியிருந்தது.

விடை என் மனநல மருத்துவரிடம் கிடைத்தது. எசிட்டலோபிராம் போல, செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளை உயர்த்தும் மாத்திரைகளால் பிறப்புறுப்பு மரத்துப்போவதும் உச்சம் தாமதமாவதும் பலருக்கும் நேர்வதுதான் என்று விளக்கி, அளவைப் படிப்படியாகக் குறைத்துப் புப்ரோபியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மருந்துக்கு மாற்றினார். உணர்வு மெல்லத் திரும்பியது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு அந்த மருந்து ஆகாது என்பதால் இதை அப்படியே பின்பற்றிவிடாதீர்கள். மாத்திரைகளைத் தூற்றுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவும் வேண்டாம். என்னை எழுந்து நடமாட வைத்ததே எசிட்டலோபிராம்தான். ஆனால் சிலருக்கு இத்தகைய மருந்தை நிறுத்திய பிறகும் இக்குறை நீடிக்கலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்குமாறு ஐரோப்பிய மருந்துகள் முகமை 2019இல் பரிந்துரைத்ததை, மருந்தைத் தொடங்கும்போதே ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

நீங்கள் அத்தகைய மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்றால் வேறு காரணங்களைப் பார்க்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரையும் வைட்டமின் பி12 குறைபாடும் நரம்புகளைப் பாதிக்கும். தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் அந்த இடத்தின் தோல் மெலிந்து வறண்டுபோகும்; பின்னதற்கு, மருத்துவர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு பெரும்பாலும் நன்றாகவே பலன் தரும். பிரசவக் கிழிசலும், குறுகிய இருக்கையில் நெடுநேரம் சைக்கிள் ஓட்டுவதும் நரம்பை அழுத்தலாம் அல்லது சிதைக்கலாம். அரிப்பும் வெண்திட்டுகளும் சேர்ந்திருந்தால் லைக்கன் ஸ்கிளரோசஸ் என்ற தோல் நோயா என்று பார்க்க வேண்டும். அதிர்வுக் கருவிகளால் உணர்வு நிரந்தரமாகச் செத்துவிடும் என்று பயமுறுத்துவோரை நம்ப வேண்டாம். அதனால் வரும் மரப்பு பெரும்பாலும் சற்று நேரத்தில் போய்விடும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. முதுகுவலியோடு தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் திடீரென மரத்து, சிறுநீர் வராமலோ கட்டுப்படாமலோ போனால், அல்லது கால்கள் தளர்ந்தால், அன்றே அவசரச் சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

தடுக்க முடியுமா என்றால், எல்லாவற்றையும் முடியாது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது, புகைப்பதை விடுவது, சைக்கிள் இருக்கையை மாற்றுவது ஆகியவை நம் கையில் இருக்கின்றன. எந்தப் புது மருந்தைத் தொடங்கினாலும் இந்தப் பக்கவிளைவு உண்டா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டுகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். "ஆசை இருக்கிறது, உணர்வுதான் இல்லை, இன்ன மாதத்திலிருந்து" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அதற்கும் அவர் வயதையே காட்டினால், வேறு மருத்துவரைப் பாருங்கள்.