நான்கு மின்னஞ்சல் கணக்குகளுக்கு ஒரே செயலி: எதை நிறுவலாம்?

கேள்வி: இரண்டு ஜிமெயில், ஒரு யாஹூ, ஒரு அவுட்லுக்.காம் என நான்கு கணக்குகள் இருக்கின்றன. பிரவுசரில் மாறி மாறி லாகின் செய்து அலுத்துவிட்டது. விண்டோஸ் 11 லேப்டாப்பில் எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்க்க இலவசச் செயலி எது?

பதில்: தண்டர்பேர்ட். விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதன் இடத்துக்கு வந்த புதிய அவுட்லுக்கில் ஜிமெயில், யாஹூவைச் சேர்த்தால், அந்த அஞ்சல்கள் மைக்ரோசாஃப்ட் கிளவுடிலும் நகலாகும். இது பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து முடிவெடுப்பது நல்லது. ஈஎம் கிளையன்ட் நல்ல செயலிதான், ஆனால் இலவசப் பதிப்பில் இரண்டு கணக்குகளுக்குமேல் சேர்க்க முடியாது. தண்டர்பேர்டில் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

கணக்கைச் சேர்க்கும்போது, அஞ்சலைப் பெறும் இரண்டு முறைகளில் பாப் (POP) வேண்டாம், சர்வரோடு எப்போதும் ஒத்துப்போகும் ஐமேப்பை (IMAP) தேர்ந்தெடுங்கள். பாப் அஞ்சலைக் கணினிக்கு இறக்குவதோடு சரி. நீங்கள் படித்ததும் அழித்ததும் மொபைலில் தெரியாது. சர்வர் விவரங்களைத் தண்டர்பேர்ட் தானே கண்டுபிடிக்கும். ஐமேப் போர்ட் 993 என்றும், அத்தாட்சி முறை 'ஓஆத்2' (OAuth2, அந்தந்த நிறுவனத்தின் லாகின் சாளரத்தில் நுழைந்து அனுமதி தரும் முறை) என்றும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'நார்மல் பாஸ்வேர்ட்' என்றிருந்தால், கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாது. அவுட்லுக்.காம் 2024 செப்டம்பர் 16 முதல் அந்த முறையை ஏற்பதில்லை. கூகுள் லாகின் சாளரம் பாதியில் நின்றுவிட்டால், தண்டர்பேர்டின் பிரைவசி அமைப்பில் குக்கீகளை அனுமதித்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

ஜிமெயிலில்தான் கூடுதல் கவனம் தேவை. அதில் ஃபோல்டர்கள் கிடையாது, அஞ்சலில் ஒட்டும் லேபிள்கள்தான்; தண்டர்பேர்டில் அவை ஃபோல்டர்களாகத் தெரியும். ஒரே அஞ்சல் இன்பாக்ஸிலும் 'ஆல் மெயில்' ஃபோல்டரிலும் தோன்றுவதால் இரண்டு முறை இறங்கும். ஜிமெயில் இணையதளத்தின் செட்டிங்ஸில் லேபிள்ஸ் பகுதிக்குப் போய், ஆல் மெயிலுக்கு நேரே உள்ள 'ஷோ இன் ஐமேப்' டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு தண்டர்பேர்டின் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' பக்கத்தில் கடைசி 90 நாள் அஞ்சல்கள் மட்டும் கணினியில் தங்கும்படி வையுங்கள். ஒரு கணக்கு முழுதாகச் சேர்ந்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். நான்கும் ஒரே நேரத்தில் இறங்கினால் லேப்டாப் திணறும், கோளாறு எந்தக் கணக்கில் என்றும் பிடிபடாது.

'வியூ' மெனுவில் ஃபோல்டர்ஸ், அதில் 'யூனிஃபைட் ஃபோல்டர்ஸ்' என்பதைத் தேர்ந்தால் நான்கு இன்பாக்ஸும் ஒரே பட்டியலாகும். இதில்தான் தவறான முகவரியிலிருந்து பதில் போய்விடும் ஆபத்து. அக்கவுண்ட் செட்டிங்ஸில் ஒவ்வொரு கணக்குக்கும் 'அவுட்கோயிங் சர்வர்' அதனதன் சொந்த எஸ்எம்டிபியாகவே (SMTP, அஞ்சலை அனுப்பும் சர்வர்) இருக்கட்டும். யாஹூ முகவரிக்கு ஜிமெயிலின் எஸ்எம்டிபி அமைந்துவிட்டால், அனுப்புநர் இடத்தில் ஜிமெயில் முகவரியே போய்ச் சேரும். புதிதாக எழுதும்போதும் 'ஃப்ரம்' வரியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அஞ்சல்களை அழித்தும் டிஸ்க்கில் இடம் காலியாகவில்லையென்றால் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'காம்பாக்ட்' கொடுங்கள். அதுவரை அழித்தவை ஃபைலுக்குள்ளேயே கிடக்கும். ஐமேப்பைக் காப்புப்பிரதி என்று நம்ப வேண்டாம். இங்கே அழித்தால் சர்வரிலும் அழியும். முக்கியமான அஞ்சல்களை 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு நகலெடுத்து, தண்டர்பேர்டை மூடிவிட்டு, அதன் புரொஃபைல் ஃபோல்டரை (அஞ்சல்களும் அமைப்புகளும் இருக்கும் ஃபோல்டர்) மாதம் ஒருமுறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் சேமியுங்கள்.