சுவர் பூசுவதற்கு முன்: ஹோம் தியேட்டர் வயரிங் கேள்வி பதில்

பல வருடங்களாக வீடுகளில் ஹோம் தியேட்டர் பொருத்தி வருகிறேன். நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் அனுபவத்திலிருந்து பதில்கள் கீழே.

கேள்வி: சார், அடுத்த வாரம் எங்கள் புது வீட்டில் பூச்சு வேலை. புரொஜெக்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ வயரைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடலாமா?

வேண்டவே வேண்டாம். பைப்பைப் பதியுங்கள், வயர் அதற்குள் போகட்டும். இன்று நன்றாக ஓடும் வயர் நாளைய தரத்துக்குப் போதாமல் போகலாம். அப்போது பழையதை உருவிவிட்டுப் புதியதை இழுக்க வழி இருக்க வேண்டும். அந்த வழி இல்லாமல் பூசி முடித்த சுவரை உடைக்கச் சொல்லும்போது வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். மெல்லிய பைப் போதாது. எச்டிஎம்ஐ முனை ஏறத்தாழ 2 செ.மீ. அகலம், அதனால் 40 மி.மீ. பைப் போடுங்கள். மூலையில் 'எல்போ' (சட்டென்று திரும்பும் பைப் இணைப்பு) வைத்தால் முனை அங்கேயே சிக்கிக்கொள்ளும், நீண்ட வளைவாக வளையுங்கள். பின்னால் வயரை இழுக்க, உள்ளே ஒரு நைலான் கயிற்றையும் விட்டுவையுங்கள்.

4கே எனும் மிகத் துல்லியமான படம் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓட, நொடிக்கு 18 கிகாபிட் வேகம் தேவை. 5 மீட்டரைத் தாண்டினால் சாதாரணச் செம்பு வயரை நான் நம்புவதில்லை, சிக்னலை ஒளியாகக் கடத்தும் ஆப்டிக்கல் எச்டிஎம்ஐ தான் போடுகிறேன். அதற்கு ஒரு முனை பிளேயர் பக்கம், மறுமுனை திரைப் பக்கம் என்று திசை உண்டு. மாற்றி இழுத்தால் படமே வராது. எந்த வயரானாலும் முதலில் தரையில் விரித்து, படம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைப்புக்குள் விட வேண்டும்.

கேள்வி: ஸ்பீக்கர் வயர் எவ்வளவு தடிமன் வேண்டும்?

8 ஓம் ஸ்பீக்கர் என்றால் 10 மீட்டர் வரை 1.5 சதுர மி.மீ., அதற்கு மேல் 2.5. வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். வாங்காதீர்கள்.

கேள்வி: எல்லா ஸ்பீக்கரும் பாடுகிறது, ஆனால் பேஸ் (தாழ்ந்த, கனமான ஒலி) இல்லை. பாட்டு நடுவிலிருந்து வராமல் எங்கோ சிதறிக் கேட்கிறது.

முன்பக்க ஸ்பீக்கர் ஒன்றில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கும். வயரை ஆம்பிலிருந்து (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை அதன் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் பட்ட முனை பிளஸ் என்றால் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளும்.

கேள்வி: அண்ணா, 'உம்ம்' என்று ஓயாத இரைச்சல். பிளக்கில் எர்த் பின்னை வெட்டினால் நிற்கும் என்கிறார்கள்.

தம்பி, வெட்டாதே. இரைச்சல் நிற்கலாம்தான். ஆனால் உள்ளே மின்கசிவு வந்தால் ஆம்பின் உலோகப் பெட்டியைத் தொடுகிறவர் உயிருக்கு ஆபத்து. இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார், கேபிள் டிவி வயரிலிருந்து தொடங்கு. பல வீடுகளில் அதைக் கழற்றியதும் இரைச்சல் அடங்கிவிடும். அந்த வயரில் ஒரு ஐசோலேட்டர் (சிக்னலை மட்டும் விட்டு இரைச்சலைத் தடுக்கும் சிறு கருவி) போட்டால் போதும். அதிலும் நிற்காவிட்டால் எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் போர்டிலிருந்து ஓட்டிப் பார்.

கேள்வி: பேஸுக்கான தனி ஸ்பீக்கரான சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது?

நீங்கள் உட்காரும் இடத்தில் அதை வைத்து, பேஸ் அதிகமுள்ள பாட்டைப் போட்டு, சுவரோரமாக முட்டி போட்டு நகருங்கள். எங்கே பேஸ் இரையாமல் தெளிவாகக் கேட்கிறதோ, அங்கே வையுங்கள்.