கடல் தொழில் என்றதும் விலகிவிட்டார்

தம்பி, பாம்பனில் விசைப்படகில் மீன்பிடிக்கப் போகிறேன் என்றதும், உங்களோடு பேசிப் பழகிவந்த பெண் பேச்சைக் குறைத்துவிட்டார், இனி 'மீன் ஏற்றுமதி' என்று மாற்றிச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் உழைப்பை நீங்களே மறைக்க நினைப்பதைப் படிக்க வேதனையாக இருக்கிறது.

அவர் விலகியது இளக்காரத்தாலா, பயத்தாலா? நேராகவே கேளுங்கள். பயம் என்றால் அதில் நியாயம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போக முடியாது. அப்புறம், எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை படகோடு பிடித்துப் போய்விடுமோ என்ற கவலை வேறு. இந்தக் கரையில் வளர்ந்த எந்தப் பெண்ணுக்கும் இது தெரியும். தடைக்காலத்தில் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கிறீர்கள், கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஒளிக்காமல் சொல்லுங்கள்.

இளக்காரம்தான் என்றால், சரி, விட்டுவிடுங்கள். பின்னாலேயே போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.