இணையத்தில் கிடைத்ததை அப்படியே எழுதிவரும் மாணவர்களுக்குத் தகவலைச் சோதிக்கக் கற்பிப்பது எப்படி?

பாரதியாரைப் பற்றிச் செயல்திட்டம் கொடுத்தால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நகல்தான் எடுத்து வருகிறார்கள் என்கிறீர்கள். குறை தலைப்பில் இருக்கிறது. 'வாழ்க்கை வரலாறு' வேண்டாம். 'யானை தாக்கியதால்தான் பாரதி இறந்தாரா?' என்று கேளுங்கள்.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தாக்கியது 1921 ஜூன் மாதம் என்று பலரும் எழுதுகிறார்கள். பிறகு தேறி, சுதேசமித்திரன் நாளிதழ் வேலைக்குப் போனார். ஈரோடு கருங்கல்பாளையத்தில் சொற்பொழிவாற்றினார். செப்டம்பரில் இறந்தது வயிற்றுக்கடுப்பால். இதையெல்லாம் ஒரே தாளில் தேதிவாரியாக எழுத வைத்தாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அடுத்து, நினைவு நாள் 11ஆ, 12ஆ? உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி என்பதால் இரண்டு தேதியும் அச்சில் உண்டு. எந்த நூல் எதைச் சொல்கிறது, எழுதியவர் பாரதியுடன் பழகியவரா, பிறர் சொல்லக் கேட்டவரா என்று குறிக்கச் சொல்லுங்கள். பாடத்தின் உயிர் இந்தக் கேள்விதான்.

ஒரு சனிக்கிழமை சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். பழைய இதழ்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மதிப்பெண்ணில் பாதியை, தேடிய வழியை எழுதிய குறிப்பேட்டுக்குக் கொடுங்கள். அட்டையில் ஒட்டிய ஜிகினாவுக்கு ஒன்றும் வேண்டாம்.