சுடருக்கு விழுந்த நிழல்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள் சென்ற வாரம் ஒரு கேள்வி கேட்டாள். அணுவிலுள்ள எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குப் போக 10 பங்கு ஆற்றல் வேண்டும், 11 பங்கு ஆற்றலுள்ள ஃபோட்டான், அதாவது ஓர் ஒளித்துகள், வந்து மோதுகிறது என்றால், பத்தைக் கொடுத்துவிட்டு மீதி ஒன்றோடு அது போய்விடாதா என்றாள். பேருந்தில் நடத்துநர் மீதிச் சில்லறை தருவதைப் போலத்தான் என்று நானும் சொன்னேன். அப்படியே தேர்வில் எழுதி மதிப்பெண் இழந்து வந்தாள். ஏன் தவறு என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டபோது, பாடத்தில் இல்லாததை நோண்டாதே என்று கடிந்துகொண்டேன். சரியான விடை என்ன? ஒளி உண்மையில் அலையா, துகளா? இவற்றையெல்லாம் நம் சித்தர்கள் முன்பே அறிந்திருந்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை நேற்றிரவு படித்தேன். இன்று காலை முதல் வேலையாகப் பதில் எழுதுகிறேன். காரணம், மூன்று கேள்விகளுக்கு நடுவே போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் 'பாடத்தில் இல்லாததை நோண்டாதே' என்ற சொற்கள். அவற்றை நான் வேறொருவர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுவோம். சித்தர் பாடல்களை அவற்றின் பொருளுக்காகப் படியுங்கள். அவற்றுக்குள் எலக்ட்ரானைத் தேடுவது பாடலுக்கும் நல்லதல்ல, அறிவியலுக்கும் நல்லதல்ல. அலையா துகளா என்றால், ஒளி பரவுவதைக் கணக்கிட அலை வேண்டியிருக்கிறது, அது ஆற்றலைக் கொடுப்பதைக் கணக்கிட ஃபோட்டான் வேண்டியிருக்கிறது என்பதோடு இப்போதைக்கு நிறுத்திக்கொள்கிறேன்.

சில்லறைக்கு வருவோம். ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் எலக்ட்ரான் அடிநிலையிலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற 10.2 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது); அதற்கும் அடுத்த மட்டத்துக்கு 12.1 வேண்டும். 10.2 அளவுள்ள ஃபோட்டான் வந்தால் அணு அதை முழுதாக உட்கவர்ந்துகொள்கிறது. அதன் பிறகு அந்த ஃபோட்டான் என்று எதுவும் மிஞ்சுவதில்லை. 11 அளவுள்ளது வந்தால் அணு அதை உட்கவர்வதில்லை. 13.6-க்கு மேற்பட்ட ஆற்றலோடு வந்தால் எலக்ட்ரான் அணுவை விட்டே வெளியேறிவிடும். அப்போதும் உபரி ஆற்றல் ஃபோட்டானிடம் திரும்புவதில்லை, வெளியேறிய எலக்ட்ரானின் வேகமாக மாறிவிடுகிறது. உலோகத்தின் மீது ஒளி பட்டு எலக்ட்ரான்கள் வெளிப்படுவதை ஐன்ஸ்டீன் 1905-இல் விளக்கியது இதே கணக்கை வைத்துத்தான்.

ஆனால் 11 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு ஓர் எலக்ட்ரான் பறந்து வந்து அதே ஹைட்ரஜன் அணுவில் மோதினால், அது 10.2-ஐக் கொடுத்துவிட்டு மீதி 0.8-ஓடு தன் வழியே போக முடியும். 1914-இல் இயற்பியலாளர்கள் ஃபிராங்க்கும் ஹெர்ட்ஸும் பாதரச ஆவிக்குள் எலக்ட்ரான்களைச் செலுத்தியபோது, அவை 4.9 எலக்ட்ரான் வோல்ட் வீதம் இழந்ததைத்தான் கண்டார்கள். ஆகவே உங்கள் மகள் சொன்ன கணக்கு, வருவது எலக்ட்ரானாக இருந்தால் சரி. எலக்ட்ரானால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு எலக்ட்ரானாகவே தொடர முடியும். ஃபோட்டானுக்கு அந்த வழியே கிடையாது. அவளைத் தடுமாற வைத்தது 'மோதுகிறது' என்ற சொல். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயை அடித்துவிட்டு மிச்ச வேகத்தோடு நகரும் படத்தை அந்த ஒரு சொல் மனத்தில் ஏற்றிவிடுகிறது. உட்கவர்தல் மோதல் அல்ல.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. கல்லூரியில் முதலாண்டு படிக்கும்போது, ஆய்வகத்தில் சோடியம் விளக்கை ஏற்றிவிட்டு, அதன் இளஞ்சிவப்பு மாறி மஞ்சள் வரும்வரை காத்திருப்போம். ஒரு நாள் ஆய்வக உதவியாளர், விளக்குக்கு முன்னால் ஒரு ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி வைத்து, சுடருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடிக்கச் சொன்னார். தாளில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு உப்புக் கரைசலில் தோய்த்த கம்பியைச் சுடருக்குள் நீட்டினார். தாளில் கரிய நிழல் ஒன்று எழுந்து, சுடர் அசைய அசையத் தானும் அசைந்தது. தானே ஒளிவிடும் நெருப்புக்கு நிழல்! கம்பியை எடுத்ததும் நிழல் போய்விட்டது. சாதாரண பல்பை வைத்துச் செய்தபோது, எவ்வளவு உப்பைக் காட்டினாலும் நிழல் விழவில்லை.

ஆசிரியரிடம் ஓடினேன். "பாடத்தில் இல்லை, அளவீட்டை எடு" என்றார். அவ்வளவுதான். அந்த நிழலின் காரணம் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. சோடியம் விளக்கு தரும் ஒளியின் அலைநீளம் 589 நானோமீட்டரை ஒட்டியது. அதன் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 2.1 எலக்ட்ரான் வோல்ட். உப்பிலிருந்து சுடருக்குள் போன சோடியம் அணுவுக்கு வேண்டியதும் மிகச் சரியாக அதே அளவுதான். ஆகவே அணு அதை விழுங்குகிறது. சுமார் 16 நானோநொடியில் திருப்பியும் தருகிறது. ஆனால் தாளை நோக்கி வந்த ஒளியை நாலா பக்கமும் அல்லவா சிதறவிடுகிறது! தாளுக்கு வரவேண்டியது குறைந்துபோகிறது. அந்தக் குறைவே நிழல். பல்பின் ஒளியில் எல்லா நிறங்களும் இருப்பதால், அணு எடுத்துக்கொள்ளும் மெல்லிய கீற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. 1814-இல் ஃபிரான்ஹோஃபர், சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த நிறமாலையில் குறித்துவைத்த கருங்கோடுகளில் இதே மஞ்சள் இடத்துக் கோடுகளும் உண்டு. அவை சோடியத்தின் வேலை என்று கிர்க்காஃப் 1859-இல் காட்டினார். சூரியனில் நிகழ்வதை ஒரு சிட்டிகை உப்பால் எங்களுக்குக் காட்டிய அந்த உதவியாளரை இன்றும் கைகூப்பி நினைக்கிறேன்.

இனி உங்களைத் திட்ட வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னீர்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், எந்தத் தகப்பனும் செய்வதுதான். அவள் மதிப்பெண் போன வருத்தத்தைவிடக் காரணம் தெரியாத வருத்தத்தோடு உங்களிடம் வந்து நின்றபோது வாயை அடைத்தீர்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. அப்படி நிற்கும் பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறது?

அவளுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். மீதியோடு ஒளி வெளியேறுவது அடியோடு நடக்காத காரியமும் அல்ல. 1928 பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கண்டது அதைத்தான்: மூலக்கூறின் அதிர்வுக்குச் சிறு பங்கைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வரும் ஒளி. அங்கேயும் வந்த ஃபோட்டான் மறைந்து, ஆற்றல் குறைந்த வேறொன்று பிறக்கிறது. மிக அரிதாகவே பிறக்கிறது. ஹைட்ரஜனிலேயே இது நடக்கிறது. செம்பெரு விண்மீனும் வெப்பமிகுந்த வெண்குறு விண்மீனும் ஒன்றையொன்று சுற்றும் சில இணைகளின் நிறமாலையில், 682.5 நானோமீட்டரில் சிவப்பாக ஒரு பட்டை தெரியும். அது என்னவென்று நெடுங்காலம் எவருக்கும் பிடிபடவில்லை. 1989-இல் வானியலாளர் ஹான்ஸ் மார்ட்டின் ஷ்மிட் விடை சொன்னார்: ஆக்சிஜன் அயனி (எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் அணு) வெளியிடும் 12 எலக்ட்ரான் வோல்ட் ஒளி, ஹைட்ரஜன் அணுவில் 10.2-ஐ விட்டுவிட்டு, மீதி 1.8-ஓடு வெளியே வருகிறது; அதுவே அந்தச் சிவப்புப் பட்டை. உங்கள் மகள் விடைத்தாளில் எழுதியதும் இந்தக் கழித்தலைத்தான்.

திருத்தியவர் மதிப்பெண்ணைக் குறைத்தது சரியே, கேள்வி உட்கவர்தலைப் பற்றியது. விடைத்தாளை அவளிடம் கேட்டு வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் 682.5 என்று எழுதிக் கொடுங்கள்.

அன்புடன்.