கருவியை வாங்கும் முன் கையொப்பமிடுபவரைக் கேளுங்கள்

கேள்வி: 1976-இல் தயாரான செஸ்னா 172 விமானம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பேனலில் பேசவும் வழியறியவும் உதவும் கேஎக்ஸ் 155 ரேடியோவும், அதனுடன் இணைந்து பாதை விலகலை ஊசியால் காட்டும் கேஐ 209 இண்டிகேட்டரும், தரை ரேடியோ நிலையத்தின் திசையைக் காட்டும், ஆனால் எப்போதாவது மட்டுமே வேலை செய்யும் ஏடிஎஃப் கருவியும் உள்ளன. வேறொரு விமானத்திலிருந்து கழற்றிய ஜிஎன்எஸ் 430 (ஜிபிஎஸ்ஸும் ரேடியோவும் சேர்ந்த கருவி) ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். பழையதை உருவிவிட்டு இதைச் செருகினால் போதும், பக்கத்து ஹேங்கரில் ஒரு விமானத்துக்கு அரை நாளில் வேலை முடிந்தது என்கிறார். வாங்கலாமா? ஏடிஎஃப் கருவியைக் கழற்றிவிடலாமா?

பதில்: வாங்க வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். ஜிஎன்எஸ் 430 மோசமான கருவி அல்ல. 1998-இல் வந்த அந்தக் கருவி இன்றும் பல பேனல்களில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் வாங்க நினைப்பது ஒரு பெட்டியை. உங்கள் விமானத்துக்குத் தேவைப்படுவதோ பெட்டி, ஆன்டெனா, வயரிங், இண்டிகேட்டர், ஆவணங்கள் ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று பொருந்திய ஓர் அமைப்பு. அந்த அமைப்புக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிடப் போகிறவர் உரிமம் பெற்ற ஏவியானிக்ஸ் (விமான மின்னணுக் கருவிகள்) பணிமனைப் பொறியாளர். அவரைக் கேட்காமல் வாங்கிய பெட்டி, பெரும்பாலும் அவருடைய மேசையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும்.

முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். உங்கள் விமானத்தில் இருப்பது 14 வோல்ட் மின்னமைப்பு. செஸ்னா 172 விமானங்கள் 28 வோல்ட்டுக்கு மாறியது அதற்குப் பிறகுதான். ஜிஎன்எஸ் 430-இல் 28 வோல்ட்டுக்கு மட்டுமான வகையும், 14, 28 இரண்டுக்கும் ஏற்ற வகையும் உண்டு. முகப்பைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ள பாக எண்தான் வேறுபாட்டைச் சொல்லும். 28 வோல்ட் வகையை உங்கள் விமானத்தில் பொருத்தினால் திரை ஒளிரும், வரைபடம் தெரியும், ஆனால் ரேடியோவில் பேச முடியாது. திரை ஒளிர்வதைக் காட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போவது தரகர்களின் பழைய வழக்கம். பாக எண், தொடர் எண் இரண்டும் தெளிவாகத் தெரியும் புகைப்படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அவர் சொல்வது 430-ஆ, 430டபிள்யூ-வா என்பது. இந்த ஓர் எழுத்தில் ஒரு தலைமுறை வேறுபாடு இருக்கிறது. ஜிபிஎஸ் சமிக்ஞையில் உள்ள பிழையைத் தரை நிலையங்கள் கணித்து, புவிநிலைச் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்பும் முறை அமெரிக்காவில் 2003-இல் வாஸ் என்ற பெயரில் சேவைக்கு வந்தது. ஐரோப்பாவில் எக்னாஸ், இந்தியாவில் ககன் என்பவை அதே வகையைச் சேர்ந்தவை. 430டபிள்யூ அந்தத் திருத்தத்தைப் பெறும்; பழைய 430 பெறாது. இத்தகைய சேவை உள்ள பகுதியில், அதற்கான தரையிறங்கு வழிமுறை வெளியிடப்பட்ட நல்ல ஓடுபாதையில், திருத்தம் பெறும் கருவி உங்களை 200 அடி உயரம் வரை பக்கவாட்டிலும் செங்குத்திலும் வழிநடத்தும். பழைய 430-இன் ஜிபிஎஸ் பக்கவாட்டில் மட்டுமே வழிகாட்டும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் கவனித்துக்கொள்ள வேண்டும். உற்பத்தி எப்போதோ நின்றுபோய், உதிரிபாகம் கிடைக்கும் வரைதான் பழுதுபார்ப்பு என்ற நிலையில் இருக்கும் ஒரு கருவிக்காக இன்று பேனலை வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பக்கத்து ஹேங்கரில் அரை நாளில் முடிந்தது என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அது நடக்கக்கூடிய சூழல் ஒன்றே ஒன்றுதான். அந்த விமானத்தில் ஏற்கெனவே 430டபிள்யூ இருந்திருக்கும். அதன் இடத்தில், அதே ட்ரேயில் (பெட்டியைத் தாங்கும் சட்டத்தில்) செருகுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட அவிடைன் ஐஎஃப்டி 440 போன்ற புதிய கருவி போயிருக்கும். அங்கே ட்ரே இருந்தது, இணைப்பிகள் இருந்தன, திருத்தச் சமிக்ஞைக்கு ஏற்ற ஆன்டெனாவும் கேபிளும் முன்பே மாற்றப்பட்டிருந்தன, இண்டிகேட்டரும் பொருந்தியிருந்தது. அதே விமானத்தில் டபிள்யூ இல்லாத வெறும் 430 இருந்திருந்தால்கூட அரை நாளில் முடிந்திருக்காது. ட்ரே பொருந்தியிருக்கும், ஆனால் ஆன்டெனாவையும் அதன் கேபிளையும் மாற்றக் கூரையின் உட்புறத் துணியைப் பிரிக்க வேண்டியிருந்திருக்கும். எல்லாம் பொருந்திய விமானத்திலும் கருவியின் அமைப்புகளைப் புதிதாகப் பதிய வேண்டும், சோதிக்க வேண்டும், விமானக் கையேட்டின் இணைப்பை மாற்ற வேண்டும், லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். உங்கள் விமானத்தில் இருப்பது கேஎக்ஸ் 155. அதன் ட்ரேக்கும் 430-இன் ட்ரேக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உங்கள் கேஐ 209 இண்டிகேட்டர் தனிச் சிக்கல். விஓஆர் என்ற தரை வழிகாட்டி நிலையத்தின் சமிக்ஞையை ஊசியின் அசைவாக மாற்றும் சுற்று அதன் உள்ளேயே இருப்பதால், கேஎக்ஸ் 155-உடன் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் ஜிபிஎஸ் தரும் விலகலை உள்ளே வாங்கிக்கொள்ள அதில் வழியில்லை. கேஐ 209ஏ என்று இறுதியில் ஓர் எழுத்துக் கூடுதலாக உள்ள வகைதான் ஜிபிஎஸ்ஸுக்கு ஏற்றது. முகப்பில் இருப்பதைப் படித்து முடிவு செய்யாமல், பின்புறத் தகட்டைப் படிக்கச் சொல்லுங்கள். இண்டிகேட்டரை மாற்ற வேண்டும் என்ற செய்தியைத் தரகர் பணம் கைமாறும் வரை சொல்ல மாட்டார்.

ஆன்டெனா விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஜிபிஎஸ் சமிக்ஞை 1575.42 மெகாஹெர்ட்ஸில், மிக வலுக்குறைந்து வந்து சேர்கிறது. நீங்கள் ரேடியோவில் பேசும் சில அலைவரிசைகளின் 12-ஆவது, 13-ஆவது மடங்குகள் ஏறக்குறைய அதே இடத்தில் விழுகின்றன. எனவே ஜிபிஎஸ் ஆன்டெனா ரேடியோ ஆன்டெனாவிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி இருக்க வேண்டும். கேபிள் இரட்டைக் கவசம் கொண்டதாக இருக்க வேண்டும். பொருத்தி முடித்த பின், திறந்த வெளியில் செயற்கைக்கோள்கள் பிடிபட்ட நிலையில், 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய அலைவரிசைகளில் ஒவ்வொன்றாக, அங்கே வேறு யாரும் பேசவில்லை என்று கேட்டறிந்துகொண்டு, அரை நிமிடம் பேச்சுப் பொத்தானை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். திரையில் செயற்கைக்கோள் பட்டைகள் சரிந்தால் விமானத்தைக் கையேற்காதீர்கள். விமானத்தில் உள்ள ஒவ்வொரு ரேடியோவிலும் இதைச் செய்ய வேண்டும்; இரண்டாவது ரேடியோவை மறந்துவிடுவது பணிமனைகளில் சாதாரணமாக நடக்கிறது. நேரில் நின்று பாருங்கள்.

ஆவணங்களுக்கு வருகிறேன். “கழற்றும்போது நன்றாக வேலை செய்தது” என்ற வாய்மொழிக்கு எந்த மதிப்பும் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட பணிமனை சோதித்து வழங்கிய வெளியீட்டுச் சான்று (கருவி பயன்பாட்டுக்குத் தகுதியானது என்ற சான்று) வேண்டும். அதிலுள்ள தொடர் எண் பெட்டியிலுள்ள எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். அந்த எண் திருட்டுப் புகாரில் உள்ளதா என்று தயாரிப்பாளரிடமே கேட்கலாம். இதற்கு மேல், உங்கள் விமான மாடலில் அந்தக் கருவியைப் பொருத்துவதற்கான துணை வகைச் சான்றும் (மூல வடிவமைப்பை மாற்றுவதற்கான ஒப்புதல்), அதை உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் ஏற்பதும் தேவை. ஒரே மாடல் விமானத்தில், ஒரே கருவியை, அச்சிட்ட ஒரே வரைபடத்தின்படி பொருத்தினாலும், ஒவ்வொரு முறையும் ஆணையம் கோப்பை முதல் பக்கத்திலிருந்து புரட்டுவது என் பொறுமையைச் சோதிக்கிறது. பாதுகாப்பைக் கூட்டும் கருவியைப் பொருத்துவது, கூட்டாத பழைய கருவியோடு பறப்பதைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. இந்தத் தாமதத்தில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். “காகிதத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பவரை நம்பினால் காப்பீட்டு நிறுவனம் பின்னாளில் அந்தக் காகிதத்தைத்தான் கேட்கும்.

புதிய கருவி வாங்குவதென்றால் இன்னொரு பொறி இருக்கிறது. விலை குறைவாகவும் அளவில் சிறியதாகவும் வரும் சில கருவிகளில் ஜிபிஎஸ் மட்டுமே உண்டு. விஓஆரோ, ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் தரை அமைப்பான ஐஎல்எஸ்ஸோ கிடையாது. ஜிபிஎஸ் சமிக்ஞையை முடக்குவதும் போலியாக அனுப்புவதும் உலகின் பல பகுதிகளில் நடந்துவரும் இன்றைய நிலையில், தரை நிலையங்களைக் கேட்கக்கூடிய கருவி ஒன்றாவது பேனலில் இருக்க வேண்டும். உங்கள் கேஎக்ஸ் 155 நல்ல நிலையில் இருந்தால் அதையும் கேஐ 209-ஐயும் இரண்டாம் இணையாக அப்படியே வைத்துக்கொண்டு, திருத்தம் பெறும் சிறிய ஜிபிஎஸ் கருவியையும் அதற்கு ஏற்ற இண்டிகேட்டரையும் தனியாகச் சேர்ப்பதே உங்களுக்கு நான் சொல்லும் வழி. ஜிபிஎஸ் கருவியின் வழிகாட்டல் தரவுத்தளம் 28 நாளுக்கு ஒருமுறை மாறும். அந்தச் சந்தாவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏடிஎஃப் கருவியைத் தாராளமாகக் கழற்றலாம். ஆனால் பெட்டியை மட்டும் உருவி ஓட்டையை மூடித் தருவதை ஏற்காதீர்கள். அதன் ஆன்டெனா, கேபிள், பேனலுக்குப் பின்னால் செத்துக் கிடக்கும் வயர்கள் எல்லாம் வெளியே வர வேண்டும், ஆன்டெனா இருந்த துளையை முறையாக அடைக்க வேண்டும். எடையும் சமநிலையும் புதிதாகக் கணிக்கப்பட்டு, காந்தத் திசைகாட்டியின் பிழை அட்டை மறுபடி எழுதப்பட்ட பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள்.