தமிழ் கேட்டால் புரிகிறது, பேசத்தான் தயக்கம். இதை எப்படித் தாண்டுவது?

மொழி கற்பதில் தன்மீதே ஐயம் என்பது, தெரிந்ததைக்கூடப் பயன்படுத்தத் துணியாத நிலை. சிங்கப்பூரில் ஆங்கிலம் புழங்கும் வீடுகளில் வளர்ந்த பலருக்கு இது உண்டு. ஒலி 968 வானொலியைக் கேட்டால் புரியும், பாட்டிக்குப் பதில் சொல்ல மட்டும் வாய் வராது.

இது திறமைக் குறைவு அல்ல. காதில் விழும் சொல்லை அடையாளம் காண்பது ஒரு வேலை. அதே சொல்லை நினைவிலிருந்து எடுத்து, விகுதி சேர்த்து, நொடியில் சொல்வது வேறு வேலை. சாம்பாரில் உப்புக் குறைந்தால் நாக்கு உடனே சொல்லிவிடும். சாம்பார் வைக்கக் கை பழக வேண்டும்.

ஆகவே கடினத்தை அளந்து ஏற்றுங்கள். தமிழ் முரசு நாளிதழில் ஒரு சிறு செய்தி போதும். 100 சொல்லில் 5க்கு மேல் தெரியாவிட்டால் அதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். சத்தமாகப் படித்து, தாளை மூடி, சொந்த வார்த்தையில் 1 நிமிடம் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். திக்கிய இடங்களைக் குறித்து, மறுநாள் அதே செய்தியை மறுபடி சொல்லுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: தினமும் புதுச் செய்திக்குத் தாவுகிறார்கள், திக்கிய இடம் அப்படியே நிற்கிறது. முதல் பதிவையும் இரண்டாவதையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். எந்தப் பாராட்டையும்விட அது ஐயத்தைக் குறைக்கும். அடுத்த படி, தயாரிக்காத பேச்சு: தேக்கா சந்தையில் காய் வாங்கும்போது தமிழிலேயே விலை கேளுங்கள்.

எழுத்துத் தமிழில் பேசினால்தான் சரி என்று எண்ணிப் பலர் வாயே திறப்பதில்லை; 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு சிங்கப்பூர்ப் பள்ளிகளே நல்ல பேச்சுத்தமிழைக் கற்பிக்கின்றன.